பன்னிரண்டு வருஷத்துக் கணக்கு

கல்யாணத்தைக் காட்டிலும் கல்யாணத்துக்கு முந்தின நாலு நாட்கள்தான் வீட்டில் அமர்க்களமாக இருக்கும். பந்தல்காரன் வந்தானா, சமையல்காரர் எழுதிக் கொடுத்த சாமானெல்லாம் வந்துவிட்டதா, சம்பந்தி வீட்டார் எத்தனை பேர் என்று ஆயிரம் கேள்விகள். முகூர்த்தம் என்னவோ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கால்பந்து ரசிகர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான் வருகிறது. ஆட்டம் தொண்ணூறு நிமிஷம். அதற்கு முன்னால் அவர்கள் பேசுகிற பேச்சும், போடுகிற கணக்கும், வேண்டிக்கொள்கிற வேண்டுதலும் இருக்கின்றனவே, அவற்றுக்கு எல்லையே கிடையாது.

இருந்தாலும், ஓர் ஆட்டத்துக்காக ஒரு தேசம் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது என்றால் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றும். கானா தேசத்து ஜனங்கள் அப்படித்தான் காத்திருந்தார்கள். 2022ஆம் வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கத்தாரில் அல் வக்ரா என்ற ஊரில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் அவர்கள் உருகுவேயைச் சந்தித்தார்கள். அது இறுதி ஆட்டமல்ல; அரை இறுதியும் அல்ல. நாலு நாலு தேசமாகப் பிரித்து ஆட விடுகிறார்களே, அந்தப் பிரிவின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று. இல்லாவிட்டால் விமானம் ஏறி வீடு.

விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் நான் பந்தை உதைத்ததைவிடப் பந்து என்னை உதைத்ததுதான் அதிகம். ஆனால் பழி, வஞ்சினம், காத்திருப்பு இவையெல்லாம் கதை எழுதுகிறவனுடைய கடைச் சரக்கு. அந்தப் பாத்தியதையில் எழுதுகிறேன்.

பழைய கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். 2010ஆம் வருஷம் உலகக் கோப்பை முதல் தடவையாக ஆப்பிரிக்க மண்ணில் நடந்தது. ஆறு ஆப்பிரிக்க தேசங்கள் ஆட வந்தன. விருந்துக்கு அழைத்த தென்னாப்பிரிக்கா உட்பட ஐந்தும் முதல் சுற்றிலேயே கை கழுவிவிட்டன. மிஞ்சியது கானா ஒன்றுதான். 1990இல் காமரூனும் 2002இல் செனகலும் கால் இறுதிவரை வந்து அந்த வாசலிலேயே நின்றுவிட்டன. கானா அந்த வாசலைத் தாண்டினால் அரை இறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க தேசம் என்று பெயர் எடுக்கும். அதனால் தென்னாப்பிரிக்க ஜனங்கள் தங்கள் தோல்வியை மறந்து கானாவைத் தத்து எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 2, ஜோஹானஸ்பர்க். நம் கடிகாரத்தில் நள்ளிரவு பன்னிரண்டு மணி. நான் தூக்கம் விழித்துப் பார்த்தேன். இடைவேளைக்குச் சற்று முன்பு முந்தாரி வெகு தூரத்திலிருந்து உதைத்துக் கானாவுக்கு ஒரு கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு ஃபோர்லான் அதைச் சமன் செய்தார். கூடுதல் அரை மணி நேரமும் முடியப் போகிறது. கடைசி நிமிஷத்தில் உருகுவேயின் கோல் வாசலில் ஒரே கும்பல். அடியியா என்ற கானாப் பையன் தலையால் முட்டிய பந்து நேராக வலையை நோக்கிப் போகிறது. கோட்டின் மேல் நின்றிருந்தவர் லூயிஸ் சுவாரெஸ். அவர் கோல்கீப்பர் அல்ல. இரண்டு கைகளையும் தூக்கிப் பந்தைத் தள்ளிவிட்டார்.

நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டி அவரை வெளியேற்றினார். கானாவுக்குப் பெனால்டி. அசமோவா கியான் உதைத்தார். அதே பந்தயத்தில் அதற்கு முன் இரண்டு பெனால்டிகளை வலைக்குள் அனுப்பியவர் அவர். இது மேல் கம்பத்தில் பட்டு வானத்துக்குப் போய்விட்டது. அப்புறம் இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பெனால்டி உதைத்ததில் உருகுவே நாலுக்கு இரண்டு என்று ஜெயித்தது. அந்த வரிசையில் கானாவுக்காக முதலில் வந்து நின்றவர் யார் தெரியுமா? அதே கியான்தான். சில நிமிஷங்களுக்கு முன் ஒரு கண்டத்தின் ஆசையைக் கம்பத்தில் மோதிவிட்டு வந்த மனிதர், மறுபடி அதே இடத்தில் பந்தை வைத்து, இந்தத் தடவை வலைக்குள் உதைத்தார். எனக்கு அந்த இரவில் பெரிய விஷயமாகப் பட்டது அதுதான். ஆனால் அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. தவறிப்போன அந்த உதை தம்மை விட்டு நீங்கவில்லை என்று அவரே பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டது வேறு ஒரு காட்சியை. சிவப்பு அட்டை வாங்கிய சுவாரெஸ் அழுதுகொண்டேதான் மைதானத்தை விட்டுப் போனார். உள்ளே போகிற வழியில் நின்று திரும்பிப் பார்த்தார். கியானின் பந்து கம்பத்தில் பட்டதும் குதித்தார் பாருங்கள் ஒரு குதி! கானாக்காரர்களின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது அந்தக் குதிதான் என்பது என் கட்சி. கையால் தடுத்ததைக்கூட மன்னித்திருப்பார்கள். ஆபத்து வேளையில் கை முந்திக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நாம் அழும்போது எதிராளி சிரித்ததை எந்த ஜாதி மனிதனும் மன்னிப்பதில்லை. பாஞ்சாலி கூந்தலை விரித்துப் போட்டது சூதில் தோற்றதற்காகவா? சபையில் கேட்ட சிரிப்புக்காகத்தானே? போதாக்குறைக்கு, கடவுளின் கை இனிமேல் தம்முடைய கைதான் என்றும், அந்தப் பந்தயத்திலேயே சிறந்த தடுப்பு தம்முடையதுதான் என்றும் சுவாரெஸ் ஆட்டத்துக்குப் பிறகு பெருமை வேறு அடித்துக்கொண்டார். 1986இல் மாரடோனா கையால் போட்ட கோலுக்கு வைத்த பெயரை இவர் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்.

தர்மம் யார் பக்கம் என்று கேட்டால் பட்டிமன்றம் வைக்கலாம். வாலி வதத்தைப் பற்றி நாம் எத்தனை தலைமுறையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்! ஆனால் ராமன் மரத்துக்குப் பின்னால் நின்றான். சுவாரெஸ் உலகம் முழுவதும் பார்க்க, வெளிச்சத்தில் நின்று செய்தார். சட்டம் என்ன தண்டனை சொல்லியிருந்ததோ அதை அப்போதே அனுபவித்தார். அவர் தேசத்தில் ஜனத்தொகை நாற்பது லட்சம்கூடத் தேறாது. அங்கே அது தியாகம். தன் தலையைக் கொடுத்துத் தன் வீட்டைக் காப்பாற்றினவன் என்று பெயர். ரக்பி ஆட்டத்தில் நிச்சயமாக விழுந்திருக்க வேண்டிய புள்ளியை ஒருவன் முறைகேடாகத் தடுத்தால், நடுவர் அந்தப் புள்ளியைக் கொடுத்துவிடுகிறார். கால்பந்தில் அந்த ஏற்பாடு இல்லை. தப்பு சட்டத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சட்டத்தை ரசிகர்கள் எப்படித் திட்டுவார்கள்? திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டாமா?

2022ஆம் வருஷம் மார்ச் 29ஆம் தேதிதான் கானா நைஜீரியாவோடு அபுஜாவில் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்து, கத்தாருக்குப் போகிற தகுதியைப் பெற்றது. மூன்றாம் நாள், ஏப்ரல் 1ஆம் தேதி, தோஹாவில் சீட்டுக் குலுக்கினார்கள். ஒரே பிரிவில் போர்ச்சுகல், கானா, உருகுவே, தென்கொரியா என்று வந்தது. முட்டாள்கள் தினத்தன்று யாரோ விளையாடுகிறார்கள் என்று அக்ராவில் முதலில் நம்பாதவர்கள் இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. கானாவுக்கும் உருகுவேக்கும் மோதல் கடைசி ஆட்டத்தில். எட்டு மாதம் தவணை.

இதெல்லாம் எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரிந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அவனோடு விடுதியில் ஒரு கானாப் பையன் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சாப்பிட வருவார்கள். இவன் என்னை மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவனும் மாமா என்றே கூப்பிடுவான். என் மனைவி அவனுக்கும் அத்தை. ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடிப்பான். தமிழ் அரைகுறை. கால்பந்து விஷயத்தில் மட்டும் எந்த பாஷையும் தேவைப்படாது. சோற்றுத் தட்டில் அப்பளத் துண்டுகளை நிறுத்தி, கோல் விழுந்த விதத்தைக் காட்டிவிடுவான்.

2010இல் அவனுக்கு எட்டு வயது. குமாசியில் பாட்டி வீட்டில் தெருவே ஒரு டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததாம். கியானின் பந்து கம்பத்தில் பட்டபோது பாட்டி எழுந்து போய் டெலிவிஷனை அணைத்துவிட்டாளாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். “அந்த மாதிரி நிசப்தத்தை அப்புறம் நான் கேட்டதில்லை, மாமா” என்றான். நிசப்தத்தைக் கேட்டேன் என்கிறான் பாருங்கள். எனக்கு இந்த மாதிரி வாக்கியம் எழுத வருவதில்லை.

நவம்பர் 28ஆம் தேதி கானா தென்கொரியாவை மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தது. அதற்கு முன் போர்ச்சுகலிடம் இரண்டுக்கு மூன்று என்று தோற்றிருந்தது. உருகுவே கொரியாவோடு கோலே இல்லாமல் சமன், போர்ச்சுகலிடம் தோல்வி. ஆக, கடைசி ஆட்டத்துக்கு வரும்போது போர்ச்சுகலுக்கு ஆறு புள்ளி, கானாவுக்கு மூன்று, உருகுவேக்கும் கொரியாவுக்கும் தலைக்கு ஒன்று.

அந்த நாலு நாட்கள் அந்தப் பையன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தான். மளிகைக் கணக்கு மாதிரி பத்திப் பத்தியாக எழுதியிருந்தான். கானா ஜெயித்தால் கேள்வியே இல்லை, அடுத்த சுற்று. சமன் ஆனால், கொரியா போர்ச்சுகலை ஜெயிக்கக் கூடாது. ஜெயித்தாலும் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கக் கூடாது. தோற்றால் ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். அதற்கு அப்புறமும் அந்தப் பக்கத்தில் நாலைந்து வரிகள் இருந்தன. “நாம் தோற்ற பிறகு எதற்கப்பா கணக்கு?” என்று கேட்டேன். “இது எங்களுக்கு இல்லை, மாமா. உருகுவே வெளியே போவதற்கு என்னென்ன வழி என்று பார்க்கிறேன்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இந்தக் கணக்குகள் சரியாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. கடைசி ஆட்டங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். முன்பு அப்படி இல்லை. 1982ஆம் வருஷம் ஸ்பெயினில் அல்ஜீரியா, மேற்கு ஜெர்மனியை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்து உலகத்தை மூக்கில் விரல் வைக்கச் செய்தது. தன் ஆட்டங்களையெல்லாம் முடித்துவிட்டு, மறுநாள் ஜூன் 25ஆம் தேதி ஹிஹோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடப்போகும் ஆட்டத்துக்காகக் காத்திருந்தது. ஜெர்மனி ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ ஜெயித்தால் ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுமே தேறிவிடும், அல்ஜீரியா வெளியே. இரண்டு தரப்புக்கும் இது நன்றாகத் தெரியும். பத்தாவது நிமிஷத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. அப்புறம் எண்பது நிமிஷம் இருபத்திரண்டு பேரும் கடற்கரையில் காற்று வாங்குகிற மாதிரி பந்தை இங்கும் அங்கும் தட்டிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த ஸ்பானியர்கள்கூட வெளியே போ என்று கத்தினார்கள்; அல்ஜீரிய ரசிகர்கள் ரூபாய் நோட்டை ஆட்டிக் காட்டுகிற மாதிரி அந்த ஊர் நோட்டுகளை ஆட்டிக் காட்டினார்கள். அதற்கு அடுத்த உலகக் கோப்பையிலிருந்து கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே சமயத்தில். தன்னால் ஒன்றும் செய்ய முடியாத ஆட்டத்துக்காகக் கைகட்டிக் காத்திருப்பதைவிடக் கொடுமை ரசிகனுக்கு இல்லை.

வியாழக்கிழமை, ஆட்டத்துக்கு முதல் நாள், சுவாரெஸ் பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார். கானாவில் உம்மைச் சாக்ஷாத் சைத்தானாகவே நினைக்கிறார்களே என்று ஒரு நிருபர் முகத்துக்கு நேரே கேட்டார். சுவாரெஸ் அசையவில்லை. ஆட்டக்காரரைக் காயப்படுத்தியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கையால் தடுத்தேன், அதற்குச் சிவப்பு அட்டை வாங்கினேன். பெனால்டியைத் தவறவிட்டது நான் அல்லவே என்றார். நியாயத்தை மட்டும் பார்த்தால் பதிலில் பிசகு இல்லை. ஆனால் சில பதில்கள் சரியாக இருப்பதனாலேயே எரிச்சலை மூட்டும். கானாவின் பயிற்சியாளர் ஒட்டோ அட்டோவோ பழிவாங்குவதில் தமக்கு நம்பிக்கையில்லை என்று அடக்கமாகச் சொன்னார். பையன் இரண்டையும் படித்துவிட்டு, பயிற்சியாளர் மேல்தான் கோபப்பட்டான்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஆட்டம். அக்ராவில் பிற்பகல் மூன்று. என் வீட்டுக் கூடத்தில் இருவரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உருகுவேக்கு அன்று தலைவர் சுவாரெஸ். கானாவுக்கு ஆண்ட்ரே அயூ. 2010 அணியில் இருந்து இன்னும் மிஞ்சியிருந்தவர் இவர் ஒருவர்தான். அந்தக் கால் இறுதியில் தண்டனை காரணமாக ஆட முடியாமல் வெளியே உட்கார்ந்திருந்தவர்.

இருபது நிமிஷம் ஆனது. கானாவுக்குப் பெனால்டி! கதையில் நான் இப்படி எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் நம்பத் தகுந்ததாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவர்களுக்கு எது பறிபோயிற்றோ அதே உருவத்தில், அதே எதிரிக்கு எதிராக, தட்டில் வைத்து நீட்டப்பட்டது. அயூ உதைத்தார். கோல்கீப்பர் ரோசெட் பிடித்துவிட்டார். கூடத்தில் சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. நிசப்தத்தைக் கேட்பது என்றால் என்ன என்று அப்போது தெரிந்தது.

ஆறு நிமிஷத்துக்கெல்லாம் அரஸ்கயேட்டா ஒரு கோல் போட்டார்; இன்னும் ஆறு நிமிஷத்தில் இன்னொன்று. முதலாவது, சுவாரெஸ் உதைத்துத் திரும்பின பந்து. இரண்டாவது அவர் எடுத்துக் கொடுத்தது. கானாவுக்கு அத்தோடு முடிந்தது. அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் என்ன பார்ப்பது? ஆனால் பையன் நகரவில்லை. மடியில் நோட்டுப் புத்தகம் இருந்தது. அந்தக் கடைசி வரிகளுக்கு வேளை வந்துவிட்டது.

அல் ரய்யானில் நடந்துகொண்டிருந்த இன்னோர் ஆட்டத்தில் போர்ச்சுகலும் கொரியாவும் ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தால் உருகுவே தேறிவிடும். சுவாரெஸை அறுபத்தாறாவது நிமிஷத்தில் மாற்றி உட்கார வைத்துவிட்டார்கள். தொண்ணூறு நிமிஷம் தாண்டியதும் கொரியாவின் ஹ்வாங் ஹீ-சான் ஒரு கோல் போட்டார். இரண்டுக்கு ஒன்று. இப்போது கொரியாவுக்கும் உருகுவேக்கும் ஒரே புள்ளிகள், ஒரே கோல் வித்தியாசம். போட்ட கோல் எத்தனை என்று பார்த்தால் கொரியாவுக்கு நாலு, உருகுவேக்கு இரண்டு. உருகுவே இன்னும் ஒன்று போட்டாக வேண்டும்.

உட்கார்ந்திருந்த சுவாரெஸின் முகத்தைக் காமிரா காட்டியது. சட்டையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். முப்பத்தைந்து வயது மனிதர். கானா ஆட்டக்காரர்கள் தங்களுக்கு இனி ஒன்றுமில்லாத ஆட்டத்தில், கோட்டையைக் காப்பது போல் கோலைக் காத்தார்கள். நாம் போகாவிட்டால் இவர்களும் போகக் கூடாது என்று தம் கூட்டாளிகளிடம் சொன்னதாக டேனியல் அமார்ட்டே பிற்பாடு சொன்னார். தனக்கு ஒரு கண் போனாலும் எதிரிக்கு இரண்டு கண்ணும் போகவேண்டும் என்ற பழமொழி நம்முடையது மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆட்டம் முடிந்துவிட்ட கொரியர்கள், மைதானத்தின் நடுவில் வட்டமாகக் கூடி ஒரு கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சற்று நேரத்துக்கு முன் ஓடி ஓடி ஜெயித்தவர்கள், அந்தச் சில நிமிஷம் என் வீட்டுக் கூடத்திலிருந்த பையனைப் போல வெறும் ரசிகர்கள்.

ஊதல் ஊதினார்கள். உருகுவே வெளியே. கவானி உள்ளே போகிற வழியில் நடுவர் பார்க்கிற டெலிவிஷன் பெட்டியைத் தள்ளிவிட்டுப் போனார். மைதானத்திலிருந்த கானா ரசிகர்கள் குதித்தார்கள். எங்கள் கூடத்திலும் ஒருவன் குதித்தான். சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து என் மனைவி வந்தாள்.

“உங்கள் ஊர் ஜெயித்துவிட்டதா?”

“இல்லை அத்தை, தோற்றுவிட்டோம்.”

“இதற்கா இந்தக் குதி? அடுத்த சுற்றுக்காவது உண்டா?”

“இல்லை அத்தை. நாங்கள்தான் கடைசி.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தோசைக்கு என்ன தொட்டுக்கொள்ள என்று கேட்டு அந்த இடத்தைக் கடந்துவிட்டேன்.

சாப்பிடும்போது அவன் பேசவில்லை. கடைசியில், “அந்தப் பெனால்டி விழுந்திருந்தால்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அன்று இரவு கானாவில் எத்தனை வீடுகளில் அந்த வாக்கியம் பாதியில் நின்றிருக்குமோ! இருபதாவது நிமிஷத்திலேயே கையில் வந்த சமாசாரம். ஆனால் பன்னிரண்டு வருஷமாக எல்லாருடைய கண்ணும் சுவாரெஸ் மேலேயே இருந்தது. சுவாரெஸ் அழவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள், அவர் அழுதார். கானா ஜெயிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது அந்த நோட்டுப் புத்தகத்துக்குத்தான் தெரியும். அரை இறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க தேசம் என்ற பெயரை எட்டே நாளில், டிசம்பர் 10ஆம் தேதி, மொராக்கோ தட்டிக்கொண்டு போயிற்று. அதைப் பார்க்கவும் பையன் வந்திருந்தான். கை தட்டினான். கல்யாணத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் கை தட்டுகிற மாதிரி.

படிப்பை முடித்துக்கொண்டு மறு வருஷம் ஊருக்குப் போனான். 2024 செப்டம்பரில் சுவாரெஸ் தம் தேசத்துக்காக ஆடுவதிலிருந்து விடைபெற்றுக்கொண்டார். அன்று அவனிடமிருந்து ஒரு வரி வந்தது. இங்கே கற்றுக்கொண்ட தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான்: “இனிமேல் யாரைத் திட்டுவது, மாமா?”

வேலை கிடைத்ததா, பாட்டி சௌக்கியமா என்று கேட்டுப் பதில் போட்டேன்.